வெல்வெட்டைத் திருப்பி வெட்டியது

செஞ்சியில் பள்ளி ஆண்டுவிழா என்றால் எப்படியும் ஒரு ராஜாவும் சில சிப்பாய்களும் மேடை ஏறிவிடுவார்கள். அன்றைக்கு எட்டு சிப்பாய்கள். எட்டுக் கோட்டும் நான் தைத்தவை. பக்கவாட்டிலிருந்து ஃபோகஸ் லைட் விழுந்ததும் கோட்டின் உடம்பு கருஞ்சிவப்பாகவும், கைகள் மட்டும் வெளுத்துப்போன ரோஸ் நிறமாகவும் தெரிந்தன. அத்தனையும் ஒரே துணிச்சுருளில் வெட்டியவை. என்ன நடந்திருக்கிறது என்று கடைசி வரிசையில் நின்றிருந்த எனக்கு உடனே தெரிந்தது. தெரிந்தும் மனசுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. வேலைக்குப் போய்க்கொண்டே பக்கத்தில் ஒரு பொழுதுபோக்கையும் வைத்திருக்கிற தம்பி, தங்கைகளுக்கு உதவலாம்.

1. மிஷின் வந்த கதை

நான் சார்பதிவாளர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் செய்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் படித்த முதல் ஆள் நான்தான். காலேஜ் நாடகத்துக்கு மந்திரி உடை தைக்க யாரும் கிடைக்காதபோது, ஒரு பழைய சட்டையைப் பிரித்துப் பார்த்துத் தைக்கக் கற்றுக்கொண்டேன். வேலைக்கு வந்ததும் ஒரு பழைய மிஷின் வாங்கினேன். நைனா கூலி வேலை பார்ப்பவர். மிஷினைப் பார்த்ததும் அவருக்குக் கோபம்.

"உன்னப் படிக்க வெச்சது ஃபேன் காத்துல குந்தி வேல செய்யத்தான். நீ இன்னாடான்னா மிஷின மிதிச்சிக்கினு கெடக்குற!"

ஞாயிற்றுக்கிழமைகளில் மயில், கத்திரிக்காய், ராஜா என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு வேஷ உடை தைத்தேன். அப்போதெல்லாம் ஒரு லேஸ் வளைந்து போனால்கூட பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பேன். சாப்பாடு நினைவே வராது.

2. பாயின் மாடி அறை

துணி வாங்குவது பஜாரில் சலீம் பாய் கடையில். இந்த ஆண்டுவிழா சீசன் தொடங்கும்போது அவர் ஒரு பேச்சை எடுத்தார்.

"இன்னா தம்பி, இன்னும் எத்தினி நாளைக்கு அடுத்தவன் நெலத்துக்கு எல்ல எழுதிக்கினு இருப்ப? மாடில ரூம் சும்மாதான் கெடக்குது. வேலைய விட்டுட்டு வா. காஸ்ட்யூம் கடைன்னு போர்டு மாட்டு."

"ஆண்டுவிழா சீசன் முடியட்டும் பாய், சொல்றேன்."

வேலையை விடுவது என்று மனதில் பாதி முடிவும் செய்துவிட்டேன். அதனால் வந்த ஆர்டரையெல்லாம் வாங்கினேன். எட்டு சிப்பாய் கோட்டும் அப்படி வந்தவைதான்.

வெல்வெட் வெட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு பக்கம் தடவினால் வழவழவென்று படியும். எதிர்ப்பக்கம் தடவினால் சொரசொரக்கும். எல்லாத் துண்டும் ஒரே வாட்டத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் வெளிச்சத்தில் இரண்டு நிறமாகத் தெரியும். வெட்டுவதற்கு முன் துணியின் பின்பக்கம் சாக்பீஸால் அம்புக்குறி போடுவது என் வழக்கம். அன்றைக்குப் போடவில்லை. உடம்புத் துண்டுகள் போக மிச்சத்தில் கைத் துண்டுகளைத் தலைகீழாக வைத்தால்தான் துணி போதும். நேர் வாட்டத்தில் வெட்ட இன்னும் இரண்டு மீட்டர் வேண்டும். பாய் கடை நடக்கிற தூரம்தான், கடையும் திறந்திருந்தது. நான் கைகளைத் திருப்பி வைத்து வெட்டினேன். தெரியாமல் செய்த தப்பு இல்லை. எழுந்து போக மனமில்லை, அவ்வளவுதான்.

3. மிஸ் பாராட்டியது

நடனம் முடிந்ததும் டான்ஸ் மிஸ் ஓடி வந்தார்.

"சார், கைக்கு மட்டும் வேற ஷேடு குடுத்தீங்களே, சூப்பர்! எங்க புடிச்சீங்க இந்த ஐடியான்னு ஹெச்.எம். மேடம் கேக்கறாங்க."

"ஐடியா இல்ல மிஸ். துணியத் திருப்பி வெட்டிட்டேன். தப்பு."

"அட, நல்லா இருக்குன்னு சொல்றப்ப நீங்களே ஏன் சார் உங்கள மாட்டிவிட்டுக்கறீங்க? அடுத்த வருஷமும் இதே மாதிரி பண்ணிக் குடுங்க."

பாராட்டு கேட்டுச் சந்தோஷமும் வரவில்லை. தப்பை நினைத்து வெட்கமும் வரவில்லை. ஒருவேளை அசதியாக இருக்கும், நாலு நாள் தூங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

4. வடக்கில் வண்டிப்பாதை

அந்த வாரமே அவலூர்பேட்டை பக்கத்திலிருந்து ஒருவர் கிரயப் பத்திரம் பதிய வந்தார். டோக்கன் பதினோரு மணிக்கு. பிரின்ட் போடும்போது கை நின்றது. மூலப் பத்திரத்தில் வண்டிப்பாதை நிலத்துக்கு வடக்கே இருந்தது. எங்கள் வரைவில் தெற்கே. டைப் செய்தது நான்தான்.

"எதுக்குடா நிறுத்தின? டோக்கன் போயிடும்!" என்றார் எழுத்தர் ஐயா.

"பாத மாறியிருக்குதுங்கய்யா. பழச முழுசா ஒரு தடவ பாத்துடறேன்."

வந்தவருக்குப் பொறுமையில்லை. "பாத எந்தப் பக்கம் இருந்தா இன்னா தம்பி? நெலம் எங்கியும் எழுந்து போயிடாது!"

"நெலம் போவாதுங்க. நாளைக்கு உங்க வண்டிய அதுல உடமாட்டாங்க."

அவரே மூலப் பத்திரத்தை என் பக்கம் தள்ளினார். நான்கு எல்லையையும் மூலத்தோடு ஒப்பிட்டு, திருத்தி, ஓட்டமாக ஓடினோம். டோக்கன் தவறவில்லை. ஆனால் மத்தியானம் சோறு இறங்கவில்லை. வடக்கைத் தெற்கென்று எப்படி அடித்தேன் என்றே மனம் குடைந்தது. அந்த வாரம் அடித்த மற்ற வரைவுகளையும் எடுத்து வரி வரியாகப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போனேன்.

போகும் வழியில்தான் கோட்டு ஞாபகம் வந்தது. எட்டுப் பிள்ளைகள் என் தப்பை மாட்டிக்கொண்டு மேடையில் நின்றபோது இந்தக் குடைச்சல் வரவே இல்லை. அசதி இல்லை இது. தையல்மேல் இருந்த ஆசை போய்விட்டது. எந்த மாதம் போனது என்று எனக்கே தெரியவில்லை.

பாயிடம் போய்ச் சொன்னேன். "மாடி ரூம் வேணாம் பாய். எனக்கு இப்ப இதுல மனசில்ல."

"கூட்டம் வர்ற நேரத்துல மனசில்லன்றியே! எவனாவது இன்னாவது சொன்னானா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

அவர் மீட்டர் கோலைக் கீழே வைத்தார். "சரி, மாடில ஏறி உக்காந்தப்புறம் சொல்லாம, இப்பவே சொன்னியே, அது போதும்."

வீட்டில் நைனா நிம்மதியடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வாடிவிட்டது. "ஏன்டா? எம் பையன் தெச்சதுன்னு டீக்கடைல அத்தினி பேருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்டா."

நான் கற்றது ஒன்றுதான். தப்பு எல்லோருக்கும் வரும். அந்தத் தப்பு உங்களை உறுத்துகிறதா என்று மட்டும் பாருங்கள். உறுத்தினால் இன்னும் ஆசை இருக்கிறது. எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் தொடருங்கள். உறுத்தவில்லையென்றால் அடுத்த ஆர்டரை வாங்காதீர்கள். மிஸ்ஸுக்கு மறுநாளே போன் செய்து, அடுத்த வருஷத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். தேடுவதற்கு அவருக்கு ஒரு வருஷம் இருக்கிறது.