வெந்த முட்டையின் வெள்ளை

அந்தக் கண்ணாடிக் குழாயை நான் பார்க்காமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன். பிறகு, அப்படி நினைப்பதும் தப்பித்துக்கொள்ளத்தான் என்று தோன்றும்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. இரும்பு உருக்கும் கம்பெனியில் வருஷக்கணக்காக லோடு ஏற்றியவர். கால் வீங்குகிறதே என்று கவரைப்பேட்டையில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருமகள் கம்பெனிக்கு லீவு போட்டுக் கூட வந்தாள். அவர் பிடித்துக் கொடுத்த சிறுநீரை நர்சுப் பெண் ஒரு குழாயில் ஊற்றி நெருப்பில் காட்டினாள். காட்டக் காட்ட மேல்பாதி வெள்ளையாகத் திரண்டது. முட்டை வேகும்போது அப்படித்தான் திரளும்.

"இன்னா சிஸ்டர் அது?"

"புரதம், ஆயா. முட்டையில இருக்குதே, அந்த மாதிரி சாமான்தான். சதை, ரத்தம், தோலு எல்லாத்துக்கும் அது வேணும். ஒடம்புல நிக்க வேண்டியது, கிட்னியில சல்லடை கிழிஞ்சி வெளிய போய்க்கினு கீது." ஒரு தாளை நீட்டினாள். "சாப்பாட்டு வெவரம் இதுல கீது. படிப்பியா?"

"ஏன், படிக்காம?" என்றேன்.

எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். பஸ் போர்டு படிப்பேன். தாள் நிறைய எழுத்து என்றால் அரைநாள் ஆகும். வரிசையில் பின்னால் அத்தனை பேர் நின்றார்கள். "குடுங்க அத்தே, நான் படிக்கிறேன்" என்று மருமகள் கையை நீட்டினாள். அவள் பன்னிரண்டாவது முடித்தவள்.

"என் புருசனுக்கு இன்னா பொங்கிப் போடணும்னு எனக்குத் தெரியும்" என்று மடித்துச் செருகிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அதைப் பிரிக்கவே இல்லை. உள்ளே இருப்பது ஒழுகினால், மேலே இன்னும் போட வேண்டியதுதானே. மருமகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறியதும் அவருக்கு இரண்டு முட்டை அவிப்பேன். மத்தியானம் கொண்டைக்கடலை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால்.

"இன்னாமே, புது மாப்பிள்ளை மாதிரி கவனிக்கிற?"

"துன்னுய்யா. இருக்கிறதெல்லாம் ஒழுகிப் போவுது."

"ஓட்டைக் கொடத்துல ஊத்திக்கினு கீறியா?" என்று சிரித்துக்கொண்டே தின்றார்.

நான் நடவு வேலை பார்த்தவள். வரப்பில் நண்டு வளை வைத்துத் தண்ணீர் ஒழுகினால், முதலில் சேற்றை அள்ளி வளையை மிதித்து அடைப்பேன். அடைக்காமல் தண்ணீரைத் திறந்துவிட்டால் வளைதான் பெரிதாகும். வரப்புக்குத் தெரிந்த எனக்கு, வீட்டு மனுஷனுக்குத் தெரியவில்லை.

சில மாதத்தில் முகமெல்லாம் வீங்கி, வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார். மருமகளும் நானும் கொண்டுபோய்ச் சேர்த்த பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சத்தம் போட்டார். "ரத்தத்துல யூரியா இவ்ளோ ஏறியிருக்கு. முட்டை, கறி கொறைக்கச் சொல்லி எழுதிக் குடுக்கலியா? யாரு சமைக்கிறது?"

கட்டிலில் கிடந்தவர் முந்திக்கொண்டார். "ஊட்ல ஒழுங்காத்தான் போட்டாங்க, டாக்டரு. நான்தான் வாய் அடங்காம கம்பெனி கேட்டாண்ட இருக்கிற கடையில துன்னுட்டேன்."

நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தத் தாளைப் பிரித்து எழுத்துக் கூட்டினேன். இரண்டாவது வரியிலேயே இருந்தது. அரைநாள் ஆகவில்லை.

அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை அவருக்கு டயாலிசிஸ். அவர் கிட்னி எப்படியும் போயிருக்கும், கொஞ்சம் சீக்கிரம் போய்விட்டது என்கிறார் டாக்டர். அந்தக் 'கொஞ்சம்' என் கையால் ஆனது.

போன மாதம் டயாலிசிஸ் நர்சு புதிதாக ஒரு தாள் கொடுத்தாள். ரத்தத்தைச் சுத்தம் பண்ணும்போது புரதமும் போய்விடுகிறதாம். இனிமேல் தினமும் முட்டை வெள்ளைக்கரு தர வேண்டுமாம். என்னைக் கேலி செய்கிறாளோ என்றிருந்தது. மருமகள் பக்கத்தில்தான் நின்றாள்.

"எனக்கு வேகமாப் படிக்க வராது, சிஸ்டர். இன்னொரு தபா படிச்சிக் காட்டு."

படித்தாள். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னேன். பிறகு மருமகளிடம், "அன்னிக்கு அவரு கடையில துன்னல. நான்தான் போட்டேன். தாளப் படிக்காமயே போட்டேன்" என்றேன்.

"தெரியும், அத்தே. தெனம் குப்பையில முட்டை ஓடு கெடக்கும். நீங்க படிச்சிட்டுத்தான் போடுறீங்கன்னு நெனச்சேன். டாக்டரு கேட்டப்போதான் புரிஞ்சிச்சி. மாமா கண்ணக் காட்டினாரு, வுட்டுட்டேன்."

படிப்பேன் என்று நான் சொன்ன ஒரு பொய், கேட்கத் தெரிந்தவளின் வாயையும் கட்டியிருக்கிறது.

மறுநாள் காலையில் முட்டையை உரித்து, மஞ்சளை எடுத்துவிட்டேன். உள்ளங்கையில் வெள்ளை மட்டும் நின்றது. அவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"குடுமே, ஆறிப் போவுது."

"இரு" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகளைக் கூப்பிட்டேன். இதற்கு உப்புப் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அதன் பிறகுதான் கொடுத்தேன்.