ஐயா நாய்களைப் பார்க்க வந்த நாள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஆங்கிலம் பேசியவர் என் பெரியப்பாதான். பேசியது நாய்களிடம். ‘சிட்’, ‘ஸ்டே’, ‘கம்’, ‘நோ’ என்று மொத்தம் நாலே சொற்கள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அவர், அந்த நாலையும் சொல்லும்போது கொஞ்சமும் தயங்கமாட்டார். ஆறாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பிவிட்டு ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்தால் பெரியம்மா அடுப்படியிலிருந்து, “நோ சொல்றேன் இல்ல, போ அந்தாண்ட” என்று நாயை விரட்டிக்கொண்டிருப்பார். படிக்கிற எனக்கு வராத ஆங்கிலம் இவர்களுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று பொறாமையாக இருக்கும்.

பெரியப்பா வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி ஏழு வருடங்கள் ஒரே அதிகாரியிடம் வேலை. அலுவலகத்தில் பாதி நாள், அவர் வீட்டில் பாதி நாள். அந்த அதிகாரி தெற்கே எங்கிருந்தோ இரண்டு சிப்பிப்பாறைக் குட்டிகளைக் கொண்டுவந்து வளர்த்தார். ஆண் நாய்க்கு டியூக், பெண் நாய்க்கு டச்சஸ் என்று பெயர். குளிப்பாட்டுவது, சோறு வைப்பது, நடக்கக் கூட்டிப்போவது எல்லாம் பெரியப்பா. அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது, போகிற ஊரில் இடமில்லை, பார்த்துக்கொள் என்று சொல்லி நாய்களை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் பெரியப்பாவும் ஓய்வு பெற்றார். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடுதான் அவருடையது. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருந்ததால் அந்த வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, டூக்கு, டச்சி. பெரியம்மா வாயில் பெயர்கள் அப்படித்தான் நின்றன.

சிப்பிப்பாறை நாய் எவ்வளவு தின்றாலும் விலா எலும்பு தெரியும். அதன் வாகு அப்படி. எங்கள் தெருவுக்கு அது புரியாது. “இன்னாண்ணே, பென்சன் பணம் வரலியா, நாயைப் பட்டினி போட்டுட்டியா?” என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்பார்கள். பெரியப்பா நாய்களின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருப்பார்.

அவருடைய நாள் இப்படிப் போகும். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, கிரிவலப் பாதையில் ஆள் நடமாட்டம் இருக்கும் என்பதால் அதை விட்டுவிட்டு, வேர்க்கடலை போட்டிருக்கும் மல்லாட்டைக் கொல்லைகளின் வழியாக நாய்களைக் கூட்டிக்கொண்டு போவார். ஏரிக்கரை வந்ததும் கயிற்றைக் கழற்றிவிடுவார். இரண்டும் தரையில் கால் பாவாமல் ஓடும். திரும்பி வந்து குளிப்பார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சரியாகப் பத்து மணிக்கு வாசல் புங்க மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். எதிரே மலை. காலடியில் சாக்கு விரிப்பில் நாய்கள். ஒரு மணிக்குச் சாப்பாடு. இரண்டு மணிக்கு மறுபடி நாற்காலி. ஐந்தே முக்காலுக்கு எழுந்து நாற்காலியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவார். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த வாழ்க்கையில் ஒன்றும் நடக்காது.

சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி என்று கற்றுக்கொள்வதற்காகவே எங்கள் ஊருக்குக் கடல் தாண்டி ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் யாரும் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை.

ஒரு புதன்கிழமை பெரியப்பாவின் பட்டன் போன் அடித்தது. எண்ணைப் பார்த்து எடுக்கத் தெரியாது. காதில் வைத்தவர் அடுத்த நொடி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். “ஐயா... ஆமாங்கய்யா... சரிங்கய்யா” என்று பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டேயிருந்தார். அவரோடு நாய்களும் எழுந்து நின்றன.

“ஐயா ஞாயித்துக்கெழம வராராம். நாய்ங்களப் பாக்கணுமாம்” என்றார் பெரியம்மாவிடம்.

“பாக்கவா, புடிச்சிக்கினு போவவா?”

பெரியப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “அவரு நாய்ங்க. கேட்டா குடுக்க வேண்டியதுதான்” என்றார்.

“நாலு வருசம் சோறு போட்டது யாரு?”

“பாத்துக்கோன்னுதான் சொன்னாரு. உனக்குன்னா குடுத்தாரு?”

அதற்குப் பிறகு வந்த மூன்று நாட்களும் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, நாய்களைத் தவிர. அவற்றுக்கு மட்டும் தினம் ஆளுக்கு இரண்டு முட்டை. சனிக்கிழமை பெரியப்பா இரண்டையும் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினார். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, நாய்கள் வரும்போது கூட வந்த தோல் வார்களை எடுத்துத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தார். ஊருக்கு வந்த பிறகு அவற்றைப் பயன்படுத்தாமல் கயிறுதான் கட்டிவந்தார். அரசாங்கப் பொருளைத் திருப்பி ஒப்படைக்கிறவர் போல அவ்வளவு கவனமாகத் துடைத்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“தரமாட்டேன்னு சொல்லு பெரியப்பா.”

“ஐயாகிட்டயா?” என்றார். அப்படி ஒரு வழி இருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

அவர் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் நானே காரியத்தில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை டியூக்கின் பின்னங்காலில் மஞ்சளைக் குழைத்து அப்பி, பெரியம்மாவின் பழைய புடவைக் கிழிசலால் கட்டுப் போட்டேன். நோயாளி நாயை யார் கொண்டுபோவார்கள்? சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் ஆங்கிலத்திலேயே தயார் செய்து வைத்திருந்தேன்.

ஜீப் வரும் என்று தெருமுனையில் காத்திருந்தேன். வந்தது ஆட்டோ. இறங்கியவர் கட்டம் போட்ட சட்டையும் ரப்பர் செருப்புமாக இருந்தார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு ஸ்வீட் டப்பாவும் நாய் பிஸ்கட்டும். வேலூரில் மகன் வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்ததாகச் சொன்னார். அதிகாரி பஸ்ஸில் வருவாரா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. ஆனால் பெரியப்பா நின்ற நிலையைப் பார்த்தால் இவர்தான் ஐயா என்பதில் சந்தேகமில்லை.

“டியூக், கம்” என்றார்.

டியூக் அவரைப் பார்த்தது. திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தது. பெரியப்பா தலையை லேசாக அசைத்த பிறகுதான் எழுந்து போய் அவர் கையை முகர்ந்தது. டச்சஸும் அப்படியே. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. இரண்டின் காதுகளையும் தடவிக்கொடுத்தார்.

இதுதான் சமயம் என்று நான் முன்னால் போய், “சார், தி டாக்ஸ் ஆர் நாட் வெல்” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “என்ன ஆச்சு? காலா? டாக்டர்கிட்ட காட்டுனீங்களா? வாங்க, ஆட்டோவுலயே கூட்டிட்டுப் போயிடலாம்” என்று கட்டை அவிழ்க்கக் குனிந்தார். என் வைத்தியமே நாயை ஆட்டோவில் ஏற்றிவிடும் போலிருந்தது. பெரியப்பா ஒன்றும் புரியாமல் ஓடிவந்து கட்டைப் பிரித்தார். மஞ்சள் உதிர்ந்தது. டியூக் சாவகாசமாகத் தன் காலை நக்கிக்கொண்டது. கதவுக்குப் பின்னாலிருந்து பெரியம்மா சிரிப்பை அடக்குவது கேட்டது.

“எந்தக் கிளாஸ்?” என்றார் அதிகாரி என்னிடம்.

“சிக்ஸ்த் சார்.”

“இங்கிலீஷ் நல்லா வருது. பொய்தான் வரல.”

பெரியப்பா அவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். பெரியம்மா எங்கள் வீட்டிலிருந்து இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் போட்டார். “உக்காருங்க” என்றார் அதிகாரி. “பரவால்லைங்கய்யா” என்றார் பெரியப்பா. கொஞ்ச நேரத்தில் மறுபடி, “அட, உக்காருங்களேன்.” “இருக்கட்டுங்கய்யா.” மூன்றாவது தடவை சொல்வதற்குள் டச்சஸ் தாவி ஏறி அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. “நோ” என்று பெரியப்பா பதறினார். “விடுங்க, அதுவாவது உக்காரட்டும்” என்றார் அவர்.

காபி வந்தது. அதிகாரி மலையைப் பார்த்தபடி பேசத் தொடங்கினார்.

“காலைல எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?”

“நாலரைங்கய்யா.”

“அப்புறம்?”

பெரியப்பா கைகளைக் கட்டிக்கொண்டு வரிசையாகச் சொன்னார். நடை, குளியல், நாய்களுக்குக் கேழ்வரகுக் களி, முட்டை. தடுப்பூசி போட்ட சீட்டைக்கூட உள்ளேயிருந்து எடுத்துவந்து காட்டினார். அதிகாரி அதைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார்.

“சரி. பத்து மணிக்கு மேல?”

“சும்மாதாங்கய்யா இருப்பேன்” என்று சொன்னவர், தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, “வேலை இருந்துக்கினேதாங்கய்யா இருக்கும்” என்று மாற்றினார்.

“இல்ல, சும்மா இருக்கறப்ப என்ன பண்ணுவீங்க?”

“இதுங்களப் பாத்துக்கினு இருப்பேங்கய்யா.”

“போரடிக்காதா?”

“அதெல்லாம் இல்லைங்கய்யா. எல்லாம் ஒழுங்கா நடக்குதுங்கய்யா.”

அதிகாரி டியூக்கின் தலையில் கை வைத்தபடியே, “எனக்குப் பத்து மணி ஆச்சுன்னா என்ன பண்றதுன்னே தெரியல” என்றார். பெரிய அதிகாரி, நிறைய வேலை இருக்கும், எதை முதலில் செய்வது என்று குழம்புவார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். “போன மாசம் ரிட்டயர் ஆயிட்டேன்” என்றார் அடுத்து.

பெரியப்பாவின் முகத்தில் மிச்சமிருந்த கொஞ்சம் நம்பிக்கையும் அதைக் கேட்டதும் போய்விட்டது. எனக்கும் புரிந்தது. வேலை இருந்தவரை நாய் வளர்க்க நேரமில்லை. இனி நேரம்தான் நேரம். பெரியப்பா உள்ளே போனார். எண்ணெய் மினுங்கும் இரண்டு வார்களையும் கொண்டுவந்து, இரண்டு கைகளாலும் அவர் முன்னால் நீட்டினார்.

“இந்தாங்கய்யா.”

அவர் வார்களைப் பார்த்தார். “எதுக்கு?”

“கூட்டிக்கினு போவத்தானே வந்தீங்க.”

நாய்கள் இரண்டும் பெரியப்பா கையையே பார்த்துக்கொண்டிருந்தன. நடக்கப் போகப்போகிறோம் என்று டச்சஸ் நாற்காலியிலிருந்து குதித்து வாலை ஆட்டியது.

“நான் இருக்கறது மூணாவது மாடி” என்றார் அதிகாரி. “அங்க இதுங்க எங்க ஓடும்? நான் பாக்கத்தான் வந்தேன். இது உங்க நாய்ங்க.”

பெரியப்பாவின் கை இறங்கவேயில்லை. பெரியம்மாதான் வெளியே வந்து வார்களை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, “இருந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க சார்” என்றார். அவர் இருந்து சாப்பிட்டார். பெரியப்பா பக்கத்தில் நின்று பரிமாறினார்.

கிளம்பும்போது ஆட்டோவில் ஒரு காலை வைத்தவர் திரும்பிக் கேட்டார். “மாசத்துக்கு ஒரு தடவை வரட்டுமா? முந்தின நாளே வந்து லாட்ஜுல தங்கிக்கறேன். காலைல நீங்க நடக்கப் போறப்ப நானும் கூட வரேன்.”

“எதுக்குங்கய்யா உங்களுக்குச் சிரமம்?” என்றார் பெரியப்பா, அன்று முதன்முறையாகச் சிரித்த முகத்தோடு. “நான் நல்லாத்தாங்கய்யா பாத்துக்கறேன். நீங்க வந்து பாக்கணும்னே இல்ல.”

“ஆமா” என்றார் அவர். “நல்லாத்தான் பாத்துக்கறீங்க.”

ஆட்டோ போனதும் பெரியப்பா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “ஏழு வருசத்துல ஒரு நாளு நீங்கன்னு கூப்ட்டதில்ல. இன்னைக்கு வாய்க்கு வாய் நீங்க. அதான் நாய்ங்களக் கேக்கப் போறாருன்னு நெனச்சிட்டேன்” என்றார் பெரியம்மாவிடம். பெரியம்மா ஸ்வீட் டப்பாவைத் திறந்தார். நாய்களுக்குக்கூட ஆளுக்கு ஒரு துண்டு கிடைத்தது.

அதிகாரி அதற்குப் பிறகு வரவில்லை. போனும் செய்யவில்லை. மாதா மாதம் சோதனைக்கு வரப்பார்த்தவரைப் பெரியப்பா எவ்வளவு பக்குவமாகத் தடுத்துவிட்டார் என்று எங்கள் வீட்டில் வெகுநாள் பேசிக்கொண்டோம். எத்தனை மணிக்கு எழுவாய், பிறகு என்ன செய்வாய், சும்மா இருக்கும்போது என்ன செய்வாய் என்று ஒருவர் கேட்டால், தெரியாததைத் தெரிந்துகொள்ளவும் கேட்கலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் வந்துபோன அன்று மாலை கொல்லையிலிருந்து வந்த அப்பாவிடம் நான் ஓடிப்போய் முதலில் சொன்னது இதைத்தான்: “அந்த ஆபீசர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பெரியப்பா சரியா பதில் சொல்லிட்டாருப்பா.”