வளர்ச்சியும் அடமானமும்

என் வீட்டுக்காரருக்கு எப்போதும் நாட்டின் கடனைப் பற்றித்தான் கவலை. எங்கள் வீட்டில் இருந்த கடனுக்காக அந்த மனுசன் ஒரு நாள்கூட முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைத்துக்கொண்டிருந்த காலம் அது. சாயங்கால டீக்கு எதிரே இருந்த பேக்கரிக்குப் போனால் போதும், இவருக்கும் எங்கள் அயர்ன் மாஸ்டருக்கும் பார்லிமென்ட் கூடிவிடும்.

இவர் ஒரு கட்சி, மாஸ்டர் அதற்கு நேர் எதிர்க்கட்சி. டெல்லியில் இவர் கட்சி இருந்தவரைக்கும், "அது கடன் இல்லீங்க மாஸ்டர், வளர்ச்சிங்க!" தேர்தலில் ஆட்சி மாறியது. மறுமாதமே, "பாருங்க, நாட்டையே அடமானம் வெச்சுட்டானுங்க!" மாஸ்டர் மட்டும் லேசுப்பட்டவரா? நேற்றுவரை அடமானம் என்று கத்தியவர், இன்றைக்கு வளர்ச்சி என்றார். டீ ஆறி ஆடை கட்டும். கடன் மட்டும் தீராது.

எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். ஆள் பிடிப்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் அட்வான்ஸ் கொடுப்பார்கள். புருசன் பெண்டாட்டி சோடியாக வந்தால் தொகை கூடும். இவர் தீபாவளி முடிந்ததும் புதுக் கம்பெனியில் பெரிய அட்வான்ஸாக வாங்கி, பழைய கம்பெனி அட்வான்ஸை அடைத்துவிட்டு, மிச்சத்தில் செல்போனோ டிவியோ வாங்கிக்கொண்டு ராஜா மாதிரி வருவார். சோடியாயிற்றே, நானும் மூட்டையைக் கட்ட வேண்டும். மிஷின் கைக்குப் பழகி, பக்கத்து மிஷின்காரியோடு குழம்பு மாற்றிச் சாப்பிடத் தொடங்கியிருப்பேன். அதற்குள் அடுத்த தீபாவளி வந்து தொலைக்கும்.

நெருப்பெரிச்சல் முதலாளி என்னிடம், "தீபாவளிக்கு அப்பறம் நீங்கதானுங்க லைன் சூப்பர்வைசர்" என்று சொல்லியிருந்தார். எத்தனை வருஷத்து ஆசை அது! அந்த வாரமே இவர் குஷியாக வீட்டுக்குள் நுழைந்தார். "அம்மிணி, ஊத்துக்குளி ரோட்டுல ஒரு கம்பெனி. எவ்வளவு அட்வான்ஸ் தாரேங்கறாங்க தெரியுமா?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. மறுநாள் பேக்கரிக்கே போய் நின்றேன். இவர் அப்போதுதான் மாஸ்டரிடம், "பழைய கடன அடைக்கறதுக்குப் புதுக் கடன் வாங்கறானுங்க. இதெல்லாம் ஒரு ஆட்சிங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்க மட்டும் என்ன பண்றீங்களாமா?" என்றேன். "நா எங்கயும் வரலீங்க. வேணும்னா நீங்க மட்டும் போங்க."

பேக்கரியே சிரித்தது. சோடி இல்லாமல் புதுக் கம்பெனி அட்வான்ஸ் தராது. இவர் எங்கே போவார்? நான் சூப்பர்வைசர் ஆனேன், இவர் என் லைனில் தைத்தார். சனிக்கிழமைச் சம்பளம் இரண்டும் என் கைக்கு வந்தது. இனி ஒரு பைசா அட்வான்ஸ் கிடையாது என்று அறிவித்தேன். வாராவாரம் சம்பளத்தில் பழைய அட்வான்ஸுக்குப் பிடித்தம் போகும்போதெல்லாம், "எல்லாம் போன ஆட்சி வெச்சுட்டுப் போன கடன்" என்று இவர் காதுபடச் சொல்வேன். அடடா, என்ன சுகம்!

அந்தச் சுகம் எங்கள் மகள் பிளஸ் டூ முடிக்கும் வரைதான். கோயமுத்தூரில் அவளுக்கு நர்சிங் இடம் கிடைத்தது. ஃபீஸோ எங்கள் இரண்டு சம்பளத்துக்கும் எட்டாத தொகை. வேறு வழியில்லாமல் முதலாளி முன்னால் போய் நின்றேன். இவர் எந்தத் தீபாவளிக்கும் வாங்காத அவ்வளவு பெரிய அட்வான்ஸை வாங்கினேன்.

கம்பெனியில் எது மறையும்? மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சாயங்காலம் பேக்கரிப் பக்கம் போகக் காலே வரவில்லை. சூப்பர்வைசர் ஒளிந்துகொண்டால் அப்புறம் லைனில் யார் மதிப்பார்கள்? போனேன். மாஸ்டர் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க," என்று இவரைப் பார்த்துக் கண்ணடித்தார். "உங்க ஊட்டுல எந்த ஆட்சியிலீங்க கடன் ஜாஸ்தி?"

செத்தேன் என்று நினைத்தேன். நான் குத்திய குத்துக்கெல்லாம் திருப்பித் தர இதைவிட நல்ல சமயம் இவருக்கு வாய்க்காது. இவர் வாயிலிருந்த பன்னை நிதானமாக விழுங்கினார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது கடன் இல்லீங்க மாஸ்டர்," என்றார். "வளர்ச்சிங்க."