பதினேழாம் பக்கத்து நங்கூரம்

அவித்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாசனை வந்தாலே எனக்கு வாடகை நாவல்தான் ஞாபகம் வரும்...

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் காலை பாசஞ்சர். நானும் செல்வியும் ஒரே சீட். எனக்கு ஃபேன்சி ஸ்டோரில் வேலை, அவளுக்கு ஜெராக்ஸ் கடையில். பிரம்மதேசத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். மடியில் மல்லாட்டை, கையில் ஆளுக்கொரு பாக்கெட் நாவல்.

எனக்கு ராணுவக் கதை. அவளுக்குக் கப்பற்படை மட்டும்தான்.

"உன் ஆளுங்க வருஷம் பூரா மலை ஏறிக்கினே இருக்காங்க. என் ஆளைப் பாரு, வெள்ளை யூனிஃபார்ம், மடிப்புகூட கலையல" என்பாள்.

"சண்டைக்குப் போனாத்தானே கலையும்" என்பேன். பேரணி ஸ்டேஷன் வரைக்கும் சிரிப்போம்.

வாடகை நூலகத்தில் அட்டை கிழிந்த புத்தகங்களே அதிகம். படித்ததையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க, பதினேழாம் பக்க ஓரத்தில் அடையாளம் போட்டு வைப்போம். எனக்கு நட்சத்திரம். அவளுக்கு ஒரு குட்டி நங்கூரம்.

ஒருநாள் வம்படியாக ஒரு ராணுவ நாவலை அவள் கையில் திணித்தேன். பிரிக்கவே இல்லை.

"படிடி, கடைசியில ஹீரோ குண்டடிபட்டு செத்துடறான், அழுகையா வரும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவள் முகம் மாறிவிட்டது.

"எங்க அண்ணன் மிலிட்டரியிலதான் இருக்குது. அதான் கப்பல் கதையா படிச்சிக்கினு இருக்கேன். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. மூன்று வருடம் ஒரே சீட்டில் உட்கார்ந்தும் நான் கேட்டதே இல்லை.

நாவலைப் பையில் போட்டுக்கொண்டு, விக்கிரவாண்டியில் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அவளே வரட்டும் என்று இருந்துவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் ரயிலுக்கே வரவில்லை. அப்புறம் கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனாளோ, தெரியவில்லை.

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே நாவல் கிடைத்தது. பதினேழாம் பக்கத்தைப் புரட்டினேன். என் நட்சத்திரம்... பக்கத்திலேயே ஒரு நங்கூரம்.

கடைசிப் பக்கத்தில், ஹீரோ சாகிற வரியை நீலப் பேனாவால் அடித்துவிட்டு எழுதியிருந்தாள்:

"இல்ல. லீவுல வந்துடுச்சி."

ஹீரோ என்றால் 'வந்துட்டான்' என்று எழுதியிருப்பாள். 'வந்துடுச்சி' என்று அவள் சொல்வது அண்ணனைத்தான். நிஜமாகவே வந்துவிட்டாரா, வரவேண்டும் என்று எழுதினாளா?

இப்போதும் அதே ரயிலில்தான் போகிறேன். எல்லோர் காதிலும் ஹெட்செட். பக்கத்து சீட்டில் யாரென்று எனக்கும் தெரியாது, என்னை அவர்களுக்கும் தெரியாது. ரொம்பத் தனிமையாக இருக்கிறது.

போனில் யார் யார் நம்பரோ இருக்கிறது. "அண்ணன் வந்துடுச்சா?" என்று கேட்க அவள் நம்பர் மட்டும் இல்லை.