அந்தோணியம்மாள் காட்டிய வெள்ளைக் கோடு

போன வாரம் ஒரு பகலில் அந்தோணியம்மாளின் மகன் யேசுராஜ் மணவாள நகரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கும்மிடிப்பூண்டியில் அவன் வேலை செய்யும் ஆலை வாசலுக்கே ஒருவர் வந்து செய்தி சொல்லியிருக்கிறார். ஊருக்குப் போகத் திருவள்ளூரில் பஸ் மாற வேண்டும். அந்த இடைவெளியில் என்னிடம் வந்திருக்கிறான். காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

“சார், அம்மா பூட்டாங்க. காலைல நாஷ்டா துன்னுட்டு படுத்தாங்களாம். எய்ந்திருக்கவே இல்ல,” என்றான். பிறகு, “கஷ்டப்படல சார். அது ஒண்ணுதான்,” என்றான்.

நானும் சட்டையை மாட்டிக்கொண்டு அவனோடு கிளம்பினேன்.

ஆர்.கே.பேட்டைக்கு அப்பால் மலையடியில் இருக்கும் அந்தச் சின்ன மாதா கோயிலை அறிந்தவர்களுக்கு அந்தோணியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பகலெல்லாம் பிறர் வயலில் களையெடுப்பார். காலையும் மாலையும் கோயிலுக்கு உள்ளும் வெளியும் பெருக்குவார். கோயில் சாவி அவர் இடுப்பில் இருக்கும். பங்குச் சாமியாரே அவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கோயிலுக்குள் நுழைந்ததும் இடப்புறம் கருங்கல்லால் ஆன ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. இடுப்பளவு உயரம், எட்டுப் பட்டை. விளிம்பைச் சுற்றி முறுக்குக் கயிறு போலச் செதுக்கியிருக்கும். வாசலைப் பார்த்த பட்டையில் ஒரு சம்மனசின், அதாவது தேவதூதரின் முகம், உப்பிய கன்னங்களோடும் இரு பக்கம் இறக்கைகளோடும். மேலே அகலமான, ஆழம் குறைந்த குழி. குழியின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. குழந்தையின் தலையில் ஊற்றிய தண்ணீர் அந்தத் துளையில் இறங்கி, தரைக்கு அடியில் ஓடி, சுவருக்கு வெளியே பாறை இடுக்கில் போய்ச் சேரும். மந்திரித்த தண்ணீரை யாரும் மிதித்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இந்தத் தொட்டியைப் பற்றி அறுபதுகளின் கடைசியில் ஒரு நாளிதழில் செய்தி வந்தது. பழவேற்காட்டில் இருந்த டச்சுக்காரர்கள் செய்தது என்றும், பிறகு மாட்டுவண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவரப்பட்டது என்றும் அதில் இருந்தது. அதை எழுதியவன் நான். பழவேற்காட்டுக் கல்லறைகளில் இதே போன்ற கயிற்று வேலைப்பாட்டையும் உப்பிய கன்ன முகங்களையும் பார்த்திருந்தேன். இரண்டையும் மனத்திலேயே முடிச்சுப் போட்டுவிட்டேன். இங்கே ஒரு நாள் வந்து தொட்டியை எட்டிப் பார்த்ததோடு சரி, ஊரில் ஒருவரையும் கேட்கவில்லை. அந்நாளில் பெயர் போடும் வழக்கம் இல்லை. ‘நமது நிருபர்’ என்று மட்டும்தான் வரும்.

செய்தி வெளிவந்த சில வாரங்களில் பட்டணத்துப் பெரிய கோயில் ஒன்றிலிருந்து பங்குச் சாமியாருக்குக் கடிதம் வந்தது. இத்தனை அருமையான டச்சுத் தொட்டி ஒரு குக்கிராமத்தில் கிடக்கலாமா, நாங்கள் எடுத்துவந்து பத்திரமாக வைக்கிறோம், உங்களுக்குப் புதிதாகச் சிமெண்டுத் தொட்டி கட்டித் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். மேலிடமும் சம்மதித்துவிட்டது. சாமியாரால் மறுக்க முடியவில்லை. லாரி வரும் நாளும் குறித்தாயிற்று.

அதையும் செய்தியாக எழுதிவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். லாரிக்கு முன்பே போய்விட்டேன். அந்தோணியம்மாள் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“போற பொருள எதுக்கும்மா தேய்க்கிறீங்க?” என்று கேட்டேன்.

“பொண்ண கட்டிக் குடுத்து அனுப்பசொல்ல அய்க்கோட அனுப்புவாங்களா நைனா?” என்றார். பிறகு, கையை நிறுத்தாமலே சொன்னார்: “எங்க ஆளுங்க தொட்டா தீட்டுன்னு எந்தக் கெணத்தாண்டையும் வுடமாட்டாங்க. கிட்ட வா, தலையக் குடுன்னு கூப்ட்ட மொத தண்ணி இதுலதான் இருந்துது. இத்த எட்துக்கினு பூட்டு சிமெண்டு தொட்டி குடுக்கறாங்களாம்.”

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அந்தச் செய்தியை எழுதியது நான்தான் என்று சொன்னேன். தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீதானா அது? படிச்ச புள்ள. எய்தறதுக்கு முன்னாடி ஒரு தபா குனிஞ்சி பாக்கக் கூடாதா?” என்றவர், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “வா.”

தொட்டியின் பின்பக்கம், சுவரை ஒட்டிய பட்டையைக் காட்டினார். கருங்கல்லின் குறுக்கே, விரல் அகலத்தில் ஒரு வெள்ளைக் கோடு சாய்வாக இறங்கியது. பிறகு என்னை வெளியே அழைத்துப்போனார். சுவரின் மறுபுறம், தரையோடு தரையாகக் கிடந்த பாறையிலும் அதே அகலத்தில் ஒரு வெள்ளைக் கோடு.

“தெனம் உள்ளயும் பெருக்கறேன், வெளியயும் பெருக்கறேன். ரெண்டும் ஒரே கோடுதான். உள்ள பூந்து அந்தாண்ட வருது,” என்றார். “சாமியாராண்ட சொன்னேன். ஒனக்கு இன்னா தெரியும்னுட்டாரு. நீ சொன்னா கேப்பாரு.”

ஒரு நூல்கயிறு கேட்டு வாங்கினேன். ஜன்னல் வழியாக நீட்டி, உள்ளே ஒரு முனையை அவர் பிடிக்க, வெளியே நான் பிடித்தேன். மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் கோடு கோட்டோடு சேர்ந்தது. தொட்டியை யாரும் எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. பாறையை அங்கேயே செதுக்கித் தொட்டியாக்கி, அதைச் சுற்றிக் கோயிலைக் கட்டியிருக்கிறார்கள்.

லாரி வந்தது. கடப்பாரை, சங்கிலியோடு ஒரு மேஸ்திரியும் ஆறு ஆட்களும் இறங்கினார்கள். நான் சாமியாரிடம் விவரம் சொல்ல, அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தொட்டியின் அடியில் தரைச் சுண்ணாம்பை ஒரு சாண் அகலத்துக்குப் பெயர்த்தார். கீழே சேர்ப்பு இல்லை, இடுக்கு இல்லை, ஒரே கல். குந்தியபடியே நிமிர்ந்தார்.

“சாமி, இத்தத் தூக்கணும்னா மலையதான் தூக்கணும். அம்மாம் பெரிய லாரி நம்மாண்ட கெடயாது.”

முதலில் சிரித்தது சாமியார்தான். அவருக்கும் அதைக் கொடுக்க மனமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கூடியிருந்தவர்கள் முகமெல்லாம் தெளிந்தது. யாரோ ஓடிப்போய் மணியையே அடித்துவிட்டார்கள்.

“டச்சுக்காரன் கதையை எழுதினானே ஒரு ரிப்போர்ட்டர், அவனைக் கூட்டிவந்து இதைக் காட்ட வேண்டும்,” என்றார் சாமியார்.

அந்தோணியம்மாள் பெயர்த்த சுண்ணாம்பைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். “யாரோ வெளியூர் ஆளா இருப்பான் சாமி,” என்றார்.

பிறகு ஊர்ப் பெரியவர்களை நிதானமாக விசாரித்தேன். முதலில் ஞானஸ்நானம் வாங்கியவர்களில் மலையில் கல் உடைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரச் சாமியார் தரையில் கரியால் வரைந்து காட்ட, அவர்கள் செதுக்கியிருக்கிறார்கள். விளிம்பில் இருப்பது அவர்கள் கல் இழுத்த கயிறு. சம்மனசை அவர்கள் பார்த்ததில்லை. அதனால் கிளியின் இறக்கையை வைத்துவிட்டார்கள். போய்ப் பாருங்கள், அடுக்கடுக்கான கிளி இறகுதான்.

மறுப்புச் செய்தி எழுதிக்கொண்டு போனபோது ஆசிரியர் முகம் சுளித்தார். ஆனாலும் உள்பக்கத்தில் ஆறு வரி போட்டார். அதை எடுத்துப்போய் அந்தோணியம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். “இவ்ளோதானா? பொய்யச் சொல்லசொல்ல இத்தினி பெருசா போட்டியே,” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

அதன்பின் எத்தனையோ முறை அந்த ஊருக்குப் போயிருக்கிறேன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தபடியே ஊரார் அந்த நிருபரைத் திட்டுவார்கள். அந்தோணியம்மாளும் பக்கத்தில் இருப்பார். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. துக்கத்துக்குப் போகும் பஸ்ஸில் நானே யேசுராஜிடம் சொன்னேன். அழுது வீங்கிய முகத்தோடு திரும்பிப் பார்த்தான். “அது நீங்களா சார்? அம்மா எங்களாண்டகூட சொல்லலியே,” என்றவன், தன்னை மறந்து சிரித்துவிட்டான்.

இதைப் படிக்கும் அந்த ஊரார் இனி என்னைப் பெயர் சொல்லியே திட்டலாம். எனக்கு அது பாரம் இறங்கியது போலத்தான். அன்று சாமியாருக்குப் பதில் சொன்னபோது அந்தோணியம்மாள் மறந்தும் என் பக்கம் திரும்பவில்லை. குனிந்தபடி சுண்ணாம்பை அள்ளிக்கொண்டே இருந்தார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.