வாள்வானம் அழிந்த பிறகு

பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில், வீங்கிய கன்னங்களைப் பார்த்து "உட்காருங்க, டாக்டர் கூப்பிடுவார்" என்று நாள் முழுக்கச் சொல்பவளுக்கு வீட்டில் சின்னவள் என்று பெயர். இன்னொரு உலகத்தில் அவள்தான் கடவுள்.

அந்த உலகம் வாள்வானம். அனிமே எனப்படும் ஜப்பானிய கார்ட்டூன் பாணியில், மிதக்கும் கோட்டையும் பேசும் நரிகளும் கொண்ட இணைய விளையாட்டு. படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். 'வடக்கே போ' என்று தட்டினால் அடுத்த அறையின் வர்ணனை திரையில் வரும். அங்கே நிற்கும் மற்ற ஆட்டக்காரர்களோடு பேசலாம், வாள் வீசலாம். பிடித்த அனிமே தொடர் முடிந்துபோன ஏக்கத்தில் இணையத்தைத் துழாவியபோது அவளுக்கு இது அகப்பட்டது. வருடக்கணக்கில் ஆடினாள். ஆரம்பித்தவர் அலுத்துப்போய், "இனிமே நீயே பாத்துக்கம்மா" என்று ஒப்படைத்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பின் தேய்மானம்தான். ஆட்கள் ஒவ்வொருவராகப் படம் காட்டும் விளையாட்டுகளுக்கு நழுவினார்கள். அனிமே ரசிகர் குழுக்களில் கெஞ்சாத குறையாக அழைப்புப் போட்டாள். "படமே இல்லாம என்னத்தப் பாக்குறது?" என்று சிரித்தார்கள். மிஞ்சியது நாலைந்து பேர். அதில் ஒருவர் 'தவளை' என்ற பெயரில் ஆடியவர். கண் பார்வை இல்லாதவர். திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளின் குரலைக் கேட்டபடி ஆடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாள்வானம் ஓடிக்கொண்டிருந்த சர்வரின் ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டது. நகலெடுக்கும் பேக்கப் தானாக நடக்கிறது என்று நம்பியிருந்தாள். திறந்தால் எல்லாம் காலிக் கோப்புகள். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினாள்.

"உள்ள தட்டே கீறிப்போச்சுங்க. நம்பிக்கை வெச்சுக்காதீங்க" என்றார் மெக்கானிக்.

வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா அதட்டினாள். "உயிரா போச்சு? வெறும் எழுத்துதானடி!"

"எழுத்துதான்க்கா. அதுக்குள்ள ஆளுங்க இருந்தாங்க."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் கண்ணைத் துடைப்பதைப் பார்த்த ஒரு பெரியவர், "உங்களுக்கும் கடவாய்ப் பல்லாம்மா?" என்று கேட்டார். தலையாட்டி வைத்தாள்.

ஆடியபோது சேமித்த பழைய வர்ணனை, உரையாடல் ஏதாவது இருந்தால், மறுபடி கட்டுவதற்கு அனுப்பச் சொல்லி எல்லோரையும் கேட்டாள். "விடுங்க, எப்பவோ மூடியிருக்கணும்" என்று ஒருவர் எழுதினார். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை.

தவளை மட்டும் போன் செய்தார். அவர் குரலை அன்றுதான் கேட்டாள்.

"என்கிட்ட எதுவும் இல்லைங்க. ஞாபகத்துல இருக்கு, சொல்றேன், எழுதிக்கிறீங்களா? வெளிய நான் சுவரைத் தடவித்தான் நடக்கிறேன். அங்கதாங்க கைவீசி நடந்தேன்."

அவள் தட்டத் தொடங்கினாள். சாப்பாட்டு இடைவேளைகளில் அவர் சொல்லச் சொல்லக் கோட்டை வாசல் வந்தது, மணிக்கூண்டு வந்தது. சுரங்கத்துக்கு வந்தபோது அவர் திணறினார். "இடதா, வலதா... போச்சுங்க. போயிடுச்சு" என்றார். அவளுக்கும் நினைவில்லை. அத்தோடு சுரங்கம் போயிற்று. அதற்கு அப்பால் இருந்த பாதி உலகமும் போயிற்று.

மீந்ததை வைத்து வாள்வானத்தை மறுபடி திறந்தாள். பழையவர்களுக்குச் சொல்லி அனுப்பினாள், ஒருவரும் வரவில்லை. தவளை மட்டும் உள்ளே வந்து மெதுவாகச் சுற்றினார்.

"நரி இப்படிப் பேசாதுங்க" என்று தட்டினார்.

"வேற எப்படிப் பேசும்?"

பதில் வந்தது. "தெரியலைங்க. ஆனா இப்படி இல்ல."

அவள் நரியின் அந்த வரியை அழித்தாள். வேறு ஒன்றை எழுதிப் பார்த்தாள். அதையும் அழித்தாள்.