பத்தரை மணி நேரம்

கிருமாம்பாக்கத்தில் இளநீர் வண்டியைப் பார்த்ததும் அப்பா காரை நிறுத்தச் சொல்கிறார். கரும்பு டிராக்டர் ஒன்று ஹாரனை அலறவிட்டுப் போக, என் தோளில் தூங்கும் குழந்தை சிணுங்குகிறது. எங்களை வழியனுப்ப அப்பாவும் சென்னை வரை வருகிறார். மார்வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர் வீடு திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“எங்கண்ணா கெளம்பிட்டீங்க?” இளநீர் சீவும் அம்மாள் கேட்கிறார்.

“பொண்ணு பாரீசுக்குப் போவுது. மாப்பிள்ளை அங்கதான். பத்தரை மணி நேரம்தான். காலைல போன் போட்டா ராத்திரி வூட்ல இருக்கும்.”

ஆஸ்பத்திரியில் நான் அவருக்குச் சொன்ன கணக்கு அது. எட்டாயிரம் கிலோமீட்டர் என்று சொல்லாமல், விமானம் வானத்தில் இருக்கும் நேரத்தை மட்டும் சொன்னேன். டிக்கெட் கிடைப்பது, கணவரின் லீவு, கைக்குழந்தை எதையும் சேர்க்கவில்லை. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

“இன்னாண்ணா சொல்றீங்க? எங்க நாத்தனாரும் அங்கதான். மாமனார் செத்தப்ப ஐஸ் பெட்டில வெச்சி ரெண்டு நாள் பாத்தோம். வர முடியல. போன்லதான் மூஞ்சி பாத்துச்சி.”

“அது சுத்திகினு வர்ற பிளேனா இருக்கும்மா,” அப்பா சிரிக்கிறார். “எங்க பொண்ணுது நேரா வரும்.”

அந்த அம்மாள் என்னைப் பார்க்கிறார். நான் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்கிறேன். இப்போதாவது உண்மையைச் சொல்லலாமா என்று தோன்றுகிறது. புறப்படும் நாளில் எதற்கு என்றும் தோன்றுகிறது.

கார் நகர்ந்ததும் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொல்கிறார்: “எனக்கு ஐஸ் பெட்டிலாம் வேணாம்மா. நீ கொயந்தைய வெச்சிகினு அவசரப்படாம மெதுவா வா.”